உங்கள் கணக்கு யார் கணினியில் இருக்கிறது?

கடலூர் மாவட்டக் கடற்கரை ஊரான கிள்ளையின் கடைத்தெருவில் வலையும் கயிறும் விற்பவர், இறால் தீவனம் விற்பவர், ஹார்டுவேர் கடைக்காரர், மருந்துக்கடைக்காரர் என்று யாரிடம் போய் “கணக்கெல்லாம் எங்கே இருக்கு?” என்று கேட்டாலும் அநேகமாகக் கை சிதம்பரம் பக்கம்தான் நீளும். ரயிலில் போனால் அடுத்த நிலையம். மாதம் பிறந்தால் கொள்முதல் பில்லும் விற்பனை பில்லும் ஒரு துணிப்பையில் அங்கே போய்ச் சேரும். எல்லாரும் ‘ஆடிட்டர் ஆபீஸ்’ என்று சொல்லும் இடம். உள்ளே ஆடிட்டர் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். டேலி என்ற கணக்கு மென்பொருள் தெரிந்த இரண்டு மூன்று பிள்ளைகள் நிச்சயம் இருப்பார்கள்.

அந்தப் பிள்ளைகளின் கணினியில் கடைக்காரரின் ஜிஎஸ்டி பயனர் பெயரும் பாஸ்வேர்டும் இருக்கின்றன. வங்கிக் கணக்கின் ஆறு வருட ஸ்டேட்மென்ட், ஆதார், பான் நகல், கடை வாடகை ஒப்பந்தம், கடனுக்குப் போட்ட விண்ணப்பம் எல்லாம் அங்கேதான். கடையில் இருப்பது கல்லாப்பெட்டியும் ஒரு கைபேசியும், மேசைமேல் கியூஆர் அட்டையும். வியாபாரத்தின் உயிர்நிலை வேறொருவர் அறையில், வேறொருவர் பராமரிக்கும் இயந்திரத்தில் இருக்கிறது. அதே இயந்திரத்தில் இன்னும் பல கடைகளின் உயிர்நிலையும் இருக்கிறது.

சிறு வியாபாரிகளை மால்வேர் எனப்படும் கெடுநிரல்களிலிருந்து காப்பது பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் வியாபாரியைப் பார்த்தே பேசுகிறார்கள். ஆன்டிவைரஸ் போடு, பாஸ்வேர்டை மாற்று, தெரியாத லிங்க்கைத் தொடாதே. சரியான அறிவுரைதான். ஆனால் கிள்ளை போன்ற ஊரில் வியாபாரியின் பாதுகாப்பு அவர் கையில் பாதிதான் இருக்கிறது. மீதிப் பாதி, கணக்கு எழுதுகிறவர், விண்டோஸ் போட்டுத் தருகிறவர், ஜெராக்ஸ் கடையிலோ இ-சேவை மையத்திலோ விண்ணப்பம் அனுப்பித் தருகிறவர் ஆகிய மூன்று பேர் கையில் இருக்கிறது. இந்த மூவரைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அவர்களைத் தொடாமல் வியாபாரியைக் காப்பாற்ற முடியாது என்பதே இந்தக் கட்டுரை சொல்ல வருவது.

டேலி திறக்காத காலை

ஃபைல்களைப் பூட்டிவிட்டுத் திறக்கப் பணம் கேட்கும் மால்வேருக்கு ரேன்சம்வேர் என்று பெயர். அது தாக்கினால் நடப்பது இதுதான். காலையில் கணினியைப் போட்டால் எல்லாம் வழக்கம்போல வரும். டேலியைத் திறந்தால் கம்பெனிப் பட்டியல் காலியாக இருக்கும். டேலி தன் கணக்குகளை 10000, 10001 என்று எண்ணிட்ட ஃபோல்டர்களில் வைத்திருக்கும். அவற்றுக்குள் போய்ப் பார்த்தால் ஒவ்வொரு ஃபைல் பெயருக்கும் பின்னால் இதுவரை பார்த்திராத நான்கு எழுத்து வால் ஒன்று முளைத்திருக்கும். எக்செல், பிடிஎஃப், மகளின் கல்லூரிச் சான்றிதழ் ஸ்கேன், குலதெய்வக் கோயில் படம், எதையும் விட்டிருக்காது. ஒவ்வொரு ஃபோல்டரிலும் ‘ரீட்மீ’ என்று ஒரு சின்னக் குறிப்பு கிடக்கும்.

உலகம் முழுக்கத் தனிமனிதர்களையும் சிறு கடைகளையும் மிக அதிகமாகப் பிடித்த ரேன்சம்வேர்க் குடும்பத்துக்கு ‘ஸ்டாப் – டிஜேவியூ’ என்று பெயர். அதன் குறிப்பு பெரும்பாலும் ஒரே மாதிரிதான்: திறக்கும் சாவி வேண்டுமென்றால் 980 டாலர் கட்டு, 72 மணி நேரத்துக்குள் பேசினால் பாதி விலை, 490 டாலர். நம்பிக்கை வருவதற்காக ஒரு ஃபைலை இலவசமாகத் திறந்து காட்டுவார்கள். பாதி விலையே நாற்பதாயிரம் ரூபாய்க்கு மேல். ஒரு சிறிய கணக்கு ஆபீஸுக்கு அது பல மாத வாடகை. பெரிய நிறுவனங்களிடம் கோடிகளில் கேட்கிற கும்பல்கள் வேறு. இவர்கள் எளியவன் கடன் வாங்கியாவது கட்டிவிடக்கூடிய தொகையை நிர்ணயிக்கிறார்கள். இதை நினைக்கும்போது எனக்குப் பெரிய திருட்டுகளைவிட இந்தச் சின்னத் திருட்டுகள் மேல்தான் அதிகக் கோபம் வருகிறது.

அந்த மால்வேர் வேலை செய்யும் விதம் நுணுக்கமானது. ஒவ்வொரு ஃபைலையும் முழுதாகப் பூட்ட நேரமாகும் என்பதால் முதல் 150 கேபி அளவை மட்டும் பூட்டும். டேலி ஃபைலோ எக்செல்லோ திறக்காமல் போக அதுவே போதும். பூட்டிக்கொண்டிருக்கும்போது சந்தேகம் வராதிருக்க ‘விண்டோஸ் அப்டேட் நடக்கிறது’ என்று ஒரு போலித் திரையைக் காட்டும். விண்டோஸ் தானாக எடுத்து வைத்திருக்கும் பழைய நகல்களை அழிக்கும். ஆலோசனை தேடி வைரஸ் எதிர்ப்புத் தளங்களுக்குப் போக முடியாதபடி அந்த முகவரிகளைத் தடுக்கும். பலருக்குத் தெரியாத இன்னொன்றும் உண்டு: இந்தக் குடும்பத்தின் பல வகைகள் கூடவே ஒரு பாஸ்வேர்டு திருடனையும் இறக்கி வைத்தன. அதனால் கணினியை அழித்து விண்டோஸை மறுபடி போட்டுவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று இருக்க முடியாது. பிரவுசரில் சேமித்து வைத்திருந்த அத்தனை கடைகளின் ஜிஎஸ்டி, மின்னஞ்சல், வங்கிப் பாஸ்வேர்டுகளும் அதற்குள் வெளியே போயிருக்கும்.

இது எந்த வழியாக உள்ளே வருகிறது என்பதுதான் முக்கியம். யாரோ ஒரு மேதை இரவெல்லாம் விழித்திருந்து சிதம்பரத்துக் கணினியை உடைப்பதில்லை. நாமே அழைத்து வருகிறோம். ஸ்டாப் – டிஜேவியூ பரவிய முதன்மையான வழி ‘கிராக்’: காசு கொடுக்காமல் விண்டோஸையும் ஆபீஸையும் ஃபோட்டோஷாப்பையும் ஓட வைக்கத் தரப்படும் சின்ன நிரல்கள்.

“அண்ணே, சிஸ்டம் ஸ்லோவா இருக்கு, ஓஎஸ் மாத்திடலாம்” என்று மெக்கானிக் தம்பி சொல்வார். சில நூறு ரூபாய் கூலி. விண்டோஸ், ஆபீஸ், டேலி, கோரல்டிரா எல்லாம் சேர்த்துப் போட்டுத் தருவார். கிராக்கை ஓடவிடும் முன் ஆன்டிவைரஸை நிறுத்த வேண்டும். இல்லையென்றால் அது கத்தும். நிறுத்தியதைப் பலர் திரும்பப் போடுவதில்லை. அந்தத் தம்பியின் பென்டிரைவ் ஒரே நாளில் பத்து கடைக் கணினிகளில் ஏறி இறங்கும். அவரை நான் குற்றம் சொல்லவில்லை. அசல் விண்டோஸுக்குப் பல ஆயிரம் கேட்டால் கடைக்காரர் வேறு மெக்கானிக்கைத் தேடிப் போவார் என்பது அவருக்குத் தெரியும். அவருக்கு யாரும் வேறு வழியைக் காட்டவும் இல்லை.

வேறு வழி இருக்கிறது. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் என்ற இயங்குதளம் தமிழிலேயே இயங்கும், இலவசம். 2011-ல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் கொடுத்த மடிக்கணினிகளில் விண்டோஸோடு அதுவும் சேர்ந்தே வந்தது. பிள்ளைகள் படிப்பை முடித்துவிட்ட வீடுகளில் அந்த மடிக்கணினிகள் கடைக்கு வந்து பில் போடவும் ஜெராக்ஸ் பிரின்ட் எடுக்கவும் உழைக்கின்றன. அவற்றில் பலவற்றில் இருப்பது விண்டோஸ் 7. அதற்கு மைக்ரோசாஃப்ட் பாதுகாப்புத் திருத்தங்கள் கொடுப்பதை 2020 ஜனவரி 14-ல் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 10-க்கும் இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. கடிதம் எழுதவும் கணக்குத் தாள் போடவும் லிப்ரே ஆபீஸ் இலவசமாகக் கிடைக்கிறது. ஆண்டு விற்றுமுதல் 1.5 கோடி ரூபாய் வரை உள்ளவர்களுக்குக் கணக்கு, பில் மென்பொருளை இலவசமாகத் தர, ஜிஎஸ்டி தளத்தை நடத்தும் ஜிஎஸ்டிஎன் 2019-ல் சில நிறுவனங்களோடு ஏற்பாடு செய்தது. கிராக் போடாமலே கடை நடத்தலாம். இதைக் கடைக்காரருக்குச் சொல்ல வேண்டிய ஆள் அந்த மெக்கானிக்தான்.

கும்பகோணத்துப் பிரின்டர்

கடைக்காரர்கள் மட்டும்தான் ஏமாறுகிறார்கள் என்று யாராவது நினைத்தால், கொள்ளிடம் தாண்டி அப்பால் நடந்ததைச் சொல்ல வேண்டும். 1904-ல் கும்பகோணத்தில் தொடங்கிய சிட்டி யூனியன் வங்கி இந்தப் பகுதி வியாபாரிகளுக்கு நன்கு பழக்கமானது. 2018 பிப்ரவரி 6 அன்று அதன் வெளிநாட்டுப் பணப்பரிமாற்றக் கணினியோடு இணைந்த பிரின்டர் வேலை செய்யவில்லை. ஸ்விஃப்ட் எனப்படும் அந்த வலையமைப்பில் பணம் போனால் அதற்கான ஒப்புதல் தாள் அந்தப் பிரின்டரில் தானாக வந்து விழ வேண்டும். அன்று எதுவும் வரவில்லை. ஏதோ சிஸ்டம் கோளாறு என்று எடுத்துக்கொண்டார்கள்.

மறுநாள் காலை கணக்கைச் சரிபார்த்தபோதுதான் வங்கி அனுப்பாத மூன்று பரிமாற்றங்கள் அதன் பெயரில் போயிருப்பது தெரிந்தது. 5 லட்சம் டாலர் நியூயார்க் வழியாக துபாய்க்கு, 3 லட்சம் யூரோ ஃபிராங்க்ஃபர்ட் வழியாக துருக்கிக்கு, 10 லட்சம் டாலர் நியூயார்க் வழியாக சீனாவுக்கு. துபாய்த் தொகை உடனே தடுக்கப்பட்டுத் திரும்பி வந்தது. துருக்கிக்குப் போனது அங்கே முடக்கப்பட்டது. மால்வேர் முதலில் பிரின்டரைத்தான் முடக்கியிருந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன், 2016 பிப்ரவரியில், வங்கதேச மத்திய வங்கியில் 8.1 கோடி டாலர் திருடுபோனபோதும் பிரின்டர் இதே போலத்தான் நின்றிருந்தது.

இந்தச் சம்பவத்தைச் சிறு கடைக்காரருக்குச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கணினி வினோதமாக நடந்துகொண்டால் அதைக் கோளாறு என்று விட்டுவிடும் பழக்கம் நம் எல்லாரிடமும் இருக்கிறது. பென்டிரைவைச் செருகினால் ஃபோல்டர்கள் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறித் தெரிகின்றன. ஜெராக்ஸ் கடைகளில் இதைப் பார்க்காதவர் இல்லை. “வைரஸ் இருக்கு, பரவால்ல, பிரின்ட் வரும்” என்பார்கள். அந்த ஷார்ட்கட்டை இரட்டைக் கிளிக் செய்யும்போதுதான் மால்வேர் ஓடுகிறது. உண்மையான ஃபோல்டர் மறைந்து கிடக்கிறது. ஆன்டிவைரஸ் தானாக அணைந்திருப்பது, மவுஸ் அம்பு தானாக நகர்வது, நள்ளிரவில் ஓடிபி வருவது, கைபேசியில் சிக்னல் இருந்தும் அழைப்பு வராதது, இவையெல்லாம் கும்பகோணத்துப் பிரின்டரைப் போன்ற தகவல்கள். அவற்றைக் கண்டதும் அன்றைக்கே வங்கிக் கணக்கைச் சரிபார்க்கிற வழக்கம் ஒன்று வந்துவிட்டால் பல இழப்புகள் பாதியிலேயே நிற்கும்.

அடுத்தவர் வாசல் வழியாக

ஒருவரைத் தாக்கிப் பலரை வீழ்த்துவது உலகெங்கும் மால்வேர் கும்பல்களின் வேலைமுறை ஆகிவிட்டது. 2017 ஜூன் 27-ல் உக்ரைனில் எம்.இ.டாக் என்ற கணக்கு மென்பொருளின் அப்டேட் வழியாக நாட்பெட்யா என்ற மால்வேர் பரவியது. அங்கே வரி தாக்கல் செய்ய அந்த மென்பொருளைத்தான் ஏராளமான நிறுவனங்கள் நம்பியிருந்தன, நம் ஊரில் டேலியை நம்பியிருப்பது போல. அந்த நாட்டில் கிளை வைத்திருந்த மெர்ஸ்க் கப்பல் நிறுவனத்துக்குள் அது புகுந்தது; மும்பையை அடுத்த ஜவஹர்லால் நேரு துறைமுகத்தில் அந்தக் குழுமம் நடத்தும் முனையம் வரை ஸ்தம்பித்தது. சரக்கை ஏற்ற முடியாமல் தவித்த ஏற்றுமதியாளருக்கு உக்ரைனில் வரி எப்படிக் கட்டுகிறார்கள் என்று தெரிந்திருக்க நியாயமே இல்லை.

2021 ஜூலை 2-ல் இன்னொன்று. சிறு நிறுவனங்களின் கணினிகளைத் தூரத்திலிருந்தே பராமரித்துக் கொடுக்கும் சேவையாளர்கள் பயன்படுத்திய கஸேயா என்ற மென்பொருளை ரெவில் கும்பல் பிடித்தது. அதன் வழியாக 1,500 நிறுவனங்கள் வரை பாதிக்கப்பட்டன. ஸ்வீடனில் கூப் என்ற பலசரக்குக் கடை வரிசை, பில் போடும் இயந்திரங்கள் நின்றுபோய், சுமார் 800 கடைகளை மூடியது. கூப் கஸேயாவின் வாடிக்கையாளரே இல்லை. அதன் பில் இயந்திரங்களைப் பார்த்துக்கொண்டவர்தான் வாடிக்கையாளர்.

நம் நாட்டில் 2024 ஜூலை இறுதியில் சி-எட்ஜ் டெக்னாலஜிஸ் என்ற ஒரே நிறுவனம் ரேன்சம்வேருக்கு உள்ளானது. கூட்டுறவு வங்கிகளுக்கும் கிராம வங்கிகளுக்கும் தொழில்நுட்பச் சேவை தருவது அது. பாதிப்பு பரவாதிருக்க தேசியப் பணப்பரிமாற்றக் கழகம் அதைத் தன் வலையமைப்பிலிருந்து துண்டித்தது. சுமார் 300 சிறு வங்கிகளின் வாடிக்கையாளர்கள் யுபிஐ, ஏடிஎம் போன்ற சேவைகளைப் பயன்படுத்த முடியாமல் போனது. மறுநாள் சேவை திரும்பியது. ஒரு நாள்தான் என்று சொல்லலாம். கிராம வங்கியில் மட்டும் கணக்கு வைத்திருக்கும் மீன் வியாபாரிக்கு ஒரு நாள் என்பது அன்றைய ஏலம் முழுவதும்.

இந்த மூன்றையும் சிதம்பரத்துக் கணக்கு ஆபீஸின் அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். கடைக்காரர் எந்தத் தப்பும் செய்யவில்லை. கணக்கு எழுதும் பெண் வேலை தேடி ஒரு பயோடேட்டா மாதிரியை இறக்கினார், அல்லது ‘பில் இணைப்பு’ என்று வந்த மின்னஞ்சலைத் திறந்தார், அல்லது மெக்கானிக் தூரத்திலிருந்து பார்ப்பதற்காகப் போட்ட எனிடெஸ்க்கை எளிய பாஸ்வேர்டோடு எப்போதும் திறந்தே வைத்திருந்தார். வீழ்ந்தது அங்கே கணக்கு வைத்த எல்லாரும். ஜிஎஸ்டி தாக்கல் தேதியான 20 வந்துவிடும். தாமதக் கட்டணம் கடைக்காரர் பெயரில்தான் ஏறும். கணினி யாருடையது என்று ஜிஎஸ்டி தளம் கேட்பதில்லை.

கைபேசிக்கு வரும் கல்யாணப் பத்திரிகை

கணினியே இல்லாத வியாபாரிகள் கிள்ளையில் ஏராளம். ஐஸ் பெட்டியோடு நண்டும் இறாலும் எடுத்துப் போகிறவர்கள், பிச்சாவரத்துக்கு வருகிறவர்களை நம்பிக் கடை போட்டிருப்பவர்கள், முழுக்குத்துறை மீன் ஏலத்தில் நிற்பவர்கள். இவர்களுக்குக் கைபேசியே கல்லா. இவர்களைத் தேடி வருவது ஏபிகே.

ஏபிகே என்பது பிளே ஸ்டோர் வழியாக இல்லாமல் நேரடியாகக் கைபேசியில் ஏற்றும் செயலி. அது வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகையாக வரும், ‘வாகன அபராதம்’ என்று வரும், பி.எம். கிசான் பணம் என்று வரும், வங்கி கேஒய்சி என்று வரும். தெரியாத எண்ணிலிருந்து வந்தால் சந்தேகப்படலாம். ஆனால் இது மாமன் மச்சான் எண்ணிலிருந்தே வரும். ஏனென்றால் மச்சான் கைபேசியில் ஏறிய செயலி, அவர் தொடர்புப் பட்டியலில் உள்ள எல்லாருக்கும் தானாக அனுப்புகிறது. 2024-ல் கிளவுட்செக் என்ற இணையப் பாதுகாப்பு நிறுவனம் ஆராய்ந்த, அரசின் வாகனச் செயலியான எம்-பரிவாகன் பெயரில் வந்த ஒரு போலிச் செயலி இப்படி 4,400-க்கும் மேற்பட்ட கைபேசிகளில் ஏறியிருந்தது.

ஏறியதும் அது கேட்கும் முதல் அனுமதி எஸ்எம்எஸ். சம்மதம் என்று ஒரு தட்டுத் தட்டினால் அதற்குப்பின் வரும் ஒவ்வொரு ஓடிபியும் திருடனுக்கும் போகும். சில செயலிகள் அழைப்புகளையும் திருப்பிவிடும். பத்திரிகை பார்ப்பதற்கு எஸ்எம்எஸ் அனுமதி எதற்கு என்று அந்த நொடியில் நின்று யோசிக்க வேண்டும். பத்திரிகை படமாக வரும், பிடிஎஃப் ஆக வரும், வீடியோவாக வரும். செயலியாக வராது. அரசு அபராதமும் அப்படியே.

முடிந்தவர்கள் ஒன்று செய்யலாம்: வங்கியோடு இணைந்த சிம்மை வாட்ஸ்அப் குழுக்கள் இல்லாத வேறொரு கைபேசியில், பழைய பட்டன் போனில்கூட, போட்டுவைக்கலாம். பெரிய தொகையை ஒரு கணக்கிலும், கியூஆரில் அன்றாடம் வருவதை வேறொரு கணக்கிலும் வைக்கலாம்.

பணம் போய்விட்டால் நேரம்தான் எல்லாம். 1930-க்கு அழைக்க வேண்டும். சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்திலும் புகார் தரலாம். போன பணத்தை முடக்கும் இந்த ஏற்பாடு 2021-ல் உருவானது. புகார் பதிவானதும் பணம் கைமாறும் வங்கிகளுக்கு வரிசையாகத் தகவல் போய், எங்கே நிற்கிறதோ அங்கே முடக்குவார்கள். வெட்கப்பட்டு இரண்டு நாள் கழித்து அழைத்தால் முடக்க எதுவும் மிஞ்சியிருக்காது. ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கையும் தெரிந்திருக்கட்டும்: வாடிக்கையாளர், வங்கி இருவர் மீதும் தவறில்லாமல் நடந்த திருட்டை மூன்று வேலை நாட்களுக்குள் வங்கிக்குத் தெரிவித்தால் வாடிக்கையாளருக்கு இழப்பு கிடையாது, நான்கு முதல் ஏழு வேலை நாட்களுக்குள் என்றால் சிறு தொழில்களின் நடப்புக் கணக்குக்கு உச்சப் பொறுப்பு 10,000 ரூபாய். ஓடிபியையோ பாஸ்வேர்டையோ தானே கொடுத்துவிட்டவருக்கு, வங்கியிடம் சொல்லும் வரை போன பணம் அவர் பொறுப்புதான். அதனால்தான் முதல் அழைப்பு அவ்வளவு முக்கியம்.

வேறிடத்தில் ஒரு நகல்

எல்லாத் தடுப்பையும் மீறி ஒரு நாள் ரேன்சம்வேர் உள்ளே வரலாம். தமிழக அரசின் தலைமைச் செயலகத்தில், முக்கியப் பிரமுகர்களின் வருகை ஏற்பாடுகளைக் கவனிக்கும் பொதுத்துறை என்ற துறையின் கணினிகளையே 2021 செப்டம்பரில் பூட்டி, 1,950 டாலர் கேட்டார்கள். ஆகவே பூட்டு விழுந்தாலும் வியாபாரம் நிற்காத ஏற்பாடு ஒன்று வேண்டும். அது பேக்கப்.

இந்தக் கடற்கரைக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2004 டிசம்பர் 26-ல் சுனாமி எம்.ஜி.ஆர். திட்டையும் சின்னவாய்க்காலையும் பில்லுமேட்டையும் அடித்துப் போனபோது உயிர்களோடு ரேஷன் அட்டை, பட்டா, மதிப்பெண் சான்றிதழ் என்று காகிதங்களும் போயின. உயிர்கள் திரும்பவில்லை. காகிதங்களை மறுபடி கொடுக்க முடிந்ததற்குக் காரணம், அவற்றின் பதிவுகள் தாலுகா ஆபீஸிலும் தேர்வுத் துறையிலும், அலை எட்டாத இடத்தில் இருந்தன என்பதுதான். பேக்கப்பின் இலக்கணம் முழுவதும் அவ்வளவே. அலை எட்டாத இடத்தில் இன்னொன்று.

கணக்கு ஆபீஸ்களில் பேக்கப் எடுப்பதில்லை என்று சொல்ல முடியாது. எடுக்கிறார்கள், அதே கணினியின் டி டிரைவில் வைக்கிறார்கள். அல்லது எப்போதும் செருகியே இருக்கும் வெளி ஹார்டு டிஸ்க்கில். ரேன்சம்வேர் டி டிரைவையும் பூட்டும், செருகியிருக்கும் ஹார்டு டிஸ்க்கையும் பூட்டும், வலையமைப்பில் இணைந்த பக்கத்துக் கணினியின் ஃபோல்டரையும் பூட்டும். கூகுள் டிரைவோடு ஒத்திசைத்து வைத்திருந்தால் பூட்டிய ஃபைல்தான் அங்கேயும் போய் உட்காரும். முந்தைய பதிப்பை மீட்கும் வசதி சில வாரங்களுக்குத்தான்.

இரண்டு ஹார்டு டிஸ்க் வாங்குங்கள். ஒற்றை வாரத்துக்கு ஒன்று, இரட்டை வாரத்துக்கு ஒன்று. டேலி பேக்கப்பை எடுத்ததும் கழற்றிவிட வேண்டும். ஒன்று ஆபீஸ் பீரோவில், மற்றொன்று வீட்டில். மாதம் ஒருமுறை அதிலிருந்து போன மாதத்துக் கணக்கு ஒன்றை வேறொரு கணினியில் திறந்து பார்க்க வேண்டும். திறந்து பார்க்காத பேக்கப்பை நம்பி ஏமாந்தவர்கள் பேக்கப்பே எடுக்காதவர்களைவிட அதிகம் நொந்துபோகிறார்கள். கடைக்காரர் தன் பங்குக்கு ஆண்டுக்கு நான்கு முறை தன் கணக்கின் நகலை ஒரு பென்டிரைவில் கேட்டு வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளலாம். கொடுக்கத் தயங்கும் ஆபீஸிடம் காரணம் கேளுங்கள்.

இது விருப்பத்துக்கு விட்ட விஷயமும் இல்லை. மின்னணு வடிவில் கணக்கு வைத்திருப்பவர், அது அழிந்தால் நியாயமான காலத்துக்குள் மீட்கும்படி பேக்கப் வைத்திருக்க வேண்டும் என்று ஜிஎஸ்டி விதிகளில் 57-வது விதி சொல்கிறது. ஆண்டு அறிக்கைக்கான கெடு தேதியிலிருந்து 72 மாதங்கள் கணக்கைப் பாதுகாக்க வேண்டும் என்பது சட்டம். கணக்கு எழுதித் தருகிறவரிடம் இந்த விதியைச் சொல்லிக் கேட்க வியாபாரிக்கு முழு உரிமை உண்டு.

பூட்டு விழுந்த பிறகு

முதலில் இணைய வயரைக் கழற்றுங்கள், வைஃபையை அணையுங்கள். பக்கத்துக் கணினிகளையும் பிரித்துவிடுங்கள். மெக்கானிக் வந்து ஃபார்மட் அடிப்பதற்கு முன், பூட்டிய ஃபைல்களையும் அந்த ‘ரீட்மீ’ குறிப்பையும் தனியாக ஒரு ஹார்டு டிஸ்க்கில் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். இன்று திறக்க முடியாதது ஒரு வருடம் கழித்துத் திறக்கலாம். ஸ்டாப் – டிஜேவியூவின் 148 வகைகளுக்கு எம்சிசாஃப்ட் நிறுவனம் 2019 அக்டோபரில் இலவசச் சாவியை வெளியிட்டது. அதற்குமுன் ஃபார்மட் அடித்தவர்களுக்கு அதனால் பயனில்லை. அதற்குப்பின் வந்த வகைகளிலும், தாக்கிய நேரத்தில் மால்வேர் தன் தலைமை சர்வரைத் தொடர்புகொள்ள முடியாமல் போயிருந்தால் மீட்க வழி உண்டு. யூரோபோல், நெதர்லாந்து காவல்துறை முதலியோர் 2016-ல் தொடங்கிய ‘நோ மோர் ரேன்சம்’ தளத்தில் பல வகைகளுக்கான சாவிகள் இலவசமாகக் கிடைக்கின்றன.

வேறொரு சுத்தமான கணினியிலிருந்து எல்லாப் பாஸ்வேர்டையும் மாற்ற வேண்டும். கணக்கு ஆபீஸ் தன் வாடிக்கையாளர்கள் எல்லாருக்கும் அன்றைக்கே சொல்ல வேண்டும். பெயர் கெட்டுவிடும் என்று மறைப்பதுதான் பெரிய கேடு. பணம் கட்டாதீர்கள். சாவி வரும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. கடலூரில் மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையம் இருக்கிறது. வைரஸ் புகுத்துவது 2000-ம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி மூன்றாண்டு வரை சிறையோ 5 லட்சம் ரூபாய் வரை அபராதமோ கிடைக்கக்கூடிய குற்றம். மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்புக்கும் தெரிவிக்க வேண்டும். நிறுவனங்கள் ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று அது 2022 ஏப்ரலில் உத்தரவிட்டது. அதன் ‘சைபர் ஸ்வச்தா கேந்திரா’ 2017 முதல் மால்வேர் நீக்கும் கருவிகளை இலவசமாகத் தருகிறது.

யார் பொறுப்பு

டிஜேவியூவுக்குச் சாவி செய்ததில் முக்கியப் பங்கு மைக்கேல் கில்லஸ்பிக்கு. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் நார்மல் என்ற ஊரில் கணினி பழுது பார்க்கும் கடையில் வேலை செய்தவர் அவர். பூட்டிய ஃபைலோடு வந்தவர்களுக்காகப் பூட்டை ஆராயத் தொடங்கி, நூற்றுக்கும் மேற்பட்ட ரேன்சம்வேர் வகைகளை உடைத்து, சாவிகளை இலவசமாகக் கொடுத்தார். எந்த வகை தாக்கியது என்று கண்டுபிடித்துச் சொல்லும் ‘ஐடி ரேன்சம்வேர்’ தளமும் அவருடையதுதான். 2017-ல் எஃப்பிஐ அவருக்கு விருது கொடுத்தது.

சிதம்பரம் மெக்கானிக்குகள் எல்லாரும் கில்லஸ்பி ஆகிவிட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. கிராக் இல்லாமல் கணினியைத் தயார் செய்து தரவும், கழற்றி வைக்கும் பேக்கப்பை அமைத்துத் தரவும், அன்றாட வேலைக்கு அட்மின் உரிமை இல்லாத தனிக் கணக்கு வைத்துத் தரவும் அவர்களுக்குத் தெரிந்தால் போதும். இதற்கு ஒரு நாள் பயிற்சி பிடிக்கும். இப்போது அந்தப் பயிற்சியை அவர்களுக்குக் கொடுக்கும் கடமை யாருக்கும் இல்லை. விழிப்புணர்வு முகாம்கள் கல்லூரிகளில் மாணவர்களுக்கு நடக்கின்றன. துண்டுப் பிரசுரம் பேருந்து நிலையத்தில் கொடுக்கிறார்கள். டேலி போடும் பெண்ணையும் இ-சேவை மையத்தில் உட்கார்ந்திருக்கும் பையனையும் விண்டோஸ் போடும் தம்பியையும் யாரும் பெயர் சொல்லி அழைப்பதில்லை.

செர்ட்-இன் சிறு தொழில்களுக்கென்றே 15 அடிப்படைப் பாதுகாப்பு ஏற்பாடுகளை 2025-ல் தொகுத்து வெளியிட்டிருக்கிறது. அதை எளிய தமிழில் ஒரே தாளில் அச்சிட்டுக் கொடுக்கலாம். அண்ணாமலை நகரில் பல்கலைக்கழகம் இருக்கிறது. கணினித் துறை மாணவர்கள் ஒரு பருவத்தில் சிதம்பரம், கிள்ளை, பரங்கிப்பேட்டை கணக்கு ஆபீஸ்களுக்கு நேரில் போய்ப் பேக்கப் இருக்கிறதா, திறக்கிறதா என்று பார்த்துத் தருவதைச் செயல்முறைப் பாடமாகவே வைக்கலாம். வணிகர் சங்கங்கள், பயிற்சி பெற்ற மெக்கானிக்குகளின் பட்டியலை வைத்து, உறுப்பினர்களை அவர்களிடமே அனுப்பலாம். அசல் மென்பொருளை மொத்தமாக விலை பேசி வாங்கலாம். கடலூர் மாவட்டத் தொழில் மையம் கடன் முகாம் நடத்தும் நாளில் அரை நாளை இதற்கு ஒதுக்கலாம். கடன் வாங்கித் தொடங்கும் கடையின் முதல் பில் போடப்படும் கணினியில் கிராக் விண்டோஸ் இருந்தால், அந்தக் கடனுக்கும் சேர்த்தே ஆபத்து என்பதை வங்கிகளும் உணர வேண்டும். இதற்கெல்லாம் புதிய சட்டம் வேண்டாம், பெரிய நிதி ஒதுக்கீடும் வேண்டாம். ஒரு பட்டியலும் ஒரு தேதியும் குறித்து, இந்த மூவரையும் ஒரே அறையில் உட்கார வைக்கும் ஒரு அலுவலர் போதும்.